பனியாறு தோண்டிய ஏரிக்கு ஏன் இவ்வளவு ஆழம்?

கேள்வி துவாரகாவிலிருந்து வந்தது. சுருக்கமாக இதுதான்: "ஜூலையில் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். அங்கே மெக்டொனால்டு ஏரி 141 மீட்டர் ஆழமாம். மலைக்கு நடுவே இருக்கிற ஏரி எப்படி இவ்வளவு ஆழமாக இருக்கும்? கேதார்நாத்தில் நடந்ததுபோல உடைத்துக்கொண்டு வராதா? பேரன் குளிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பான், இறங்க விடலாமா?"

மூன்று கேள்விகள். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம். டெல்லியில் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் எடுத்தவன் நான், சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 141 மீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். குதுப் மினார் சுமார் 72.5 மீட்டர் உயரம். ஒன்றின் தலையில் இன்னொன்றாக இரண்டு குதுப் மினார்களை அந்த ஏரியின் ஆழமான இடத்தில் நிறுத்தினால், உச்சியில் நான்கு மீட்டர் மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஒரு முனையை இந்தியா கேட்டில் வைத்து நேராகத் தெற்கே நீட்டினால் மறுமுனை சத்தர்பூரையும் தாண்டிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2023 ஜூலையில் யமுனை கரைபுரண்டபோது டிவியில் நாள் முழுக்க "208.66 மீட்டர்" என்று ஓடியது நினைவிருக்கும். பக்கத்து வீட்டு மாமி பதறிப்போய் வந்து, "ஏன் சார், நம்ம யமுனை இருநூறு மீட்டர் ஆழமா?" என்று கேட்டார். அது ஆழம் இல்லை. பழைய ரயில் பாலத்தின் அருகே தண்ணீரின் மேல்மட்டம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கு. ஏரிகளுக்கும் இதே இரண்டு எண்கள் உண்டு. மெக்டொனால்டு ஏரியின் மேல்மட்டம் கடலிலிருந்து சுமார் 960 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதிலிருந்து 141 மீட்டர் கீழே போனால் தரை. "மலையில் இருக்கிற ஏரி எப்படி ஆழமாக இருக்கும்" என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டு எண்களும் மனசில் கலந்துபோவதுதான்.

மீதிப் பாதிக்குக் காரணம், பள்ளத்தாக்கு என்றாலே அதை ஆறுதான் வெட்டியிருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வது. ஆறு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியேறும் வாசலைவிட அது பெரிதாகக் கீழே தோண்ட முடியாது. அங்கங்கே சில மீட்டர் மடு விழும், அவ்வளவுதான். அதற்கும் கீழே பள்ளம் இருந்தால் தண்ணீர் அதில் தேங்கும், வேகம் போய்விடும், கொண்டுவந்த மண்ணை அங்கேயே போட்டுவிடும். ஆற்றுக்குப் பள்ளத்தை நிரப்பத் தெரியும், குடையத் தெரியாது.

அப்படியானால் நாலு பக்கமும் மூடிய ஆழமான பள்ளத்தை யார் தோண்ட முடியும்? டெல்லியிலேயே ஒன்று இருக்கிறது. தெற்கே அசோலா பட்டி சரணாலயத்தில் நீலி ஜீல் என்ற ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? செங்குத்தான பாறைச் சுவர், நடுவே நீலத் தண்ணீர். அது இயற்கை ஏரி இல்லை. வீடு கட்டும் எல்லோருக்கும் தெரிந்த பதர்பூர் மணலையும் கல்லையும் எடுத்த சுரங்கப் பள்ளம். 90களின் தொடக்கத்தில் தோண்டுவதை நிறுத்தினார்கள், நிலத்தடி நீர் ஊறி நிரம்பிவிட்டது. குவாரிக்காரனுக்கு வாசல் மட்டத்தைப் பற்றிக் கவலை கிடையாது. கல்லைப் பெயர்த்து மேலே தூக்கி வெளியே கொண்டுபோக ஓர் ஆள் இருந்தால் போதும், எவ்வளவு ஆழமும் போகலாம்.

பனியாறு, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரிய ஐஸ் திரள் (ஆங்கிலத்தில் கிளேசியர்), அப்படிப்பட்ட குவாரிக்காரன். மெக்டொனால்டு ஏரி இருக்கும் இடம், பனியாறு வேலைசெய்து விட்டுப்போன குவாரிப் பள்ளம். மற்றதெல்லாம் அந்தக் குவாரிக்காரன் எப்படி வேலைசெய்தான் என்ற விவரம்தான்.

சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அந்தப் பூங்காவின் பள்ளத்தாக்குகள் எல்லாம் பனியால் நிரம்பியிருந்தன. உயரமான சிகரங்கள் மட்டும் தீவுபோலத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. பனி என்றால் ஃப்ரிட்ஜில் படியும் பொடி இல்லை. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன், தன் கனத்தாலேயே இறுகி, கெட்டியான ஐஸாகி, மெல்ல மெல்ல நகரும் பொருள்.

அது பாறையை உடைப்பது இரண்டு விதமாக. ஒன்று தேய்ப்பு. வகுப்பில் நான் வழக்கமாகக் காட்டும் வேடிக்கை இது. ஐஸ் ட்ரேயில் பாதிக் குழிகளில் வெறும் தண்ணீர், பாதிக் குழிகளில் தண்ணீரோடு ஒரு சிட்டிகை பதர்பூர் மணல். உறைந்ததும் இரண்டையும் துணி துவைக்கும் சோப்புக்கட்டி மேல் அழுத்தி இழுக்கச் சொல்வேன். வெறும் ஐஸ் வழுக்கிக்கொண்டு போகும், சோப்பு பளபளப்பாகும். மணல் ஐஸ் போன இடத்தில் நீள நீளமாகக் கோடு விழும். ஐஸைவிடப் பாறை கடினம், ஆகவே வெறும் ஐஸால் பாறையைக் கீற முடியாது. ஐஸில் பதிந்திருக்கும் கல்தான் உளி. பூங்காவில் நடக்கும்போது பாறைமேல் இணைகோடுகளாகக் கீறல் தெரிந்தால் நின்று பாருங்கள், பனி எந்தத் திசையில் போனது என்று அது சொல்லும்.

இரண்டாவது பெயர்ப்பு. அதிக வேலை செய்வது பல இடங்களில் இதுதான். பழைய கால ஃப்ரிட்ஜில் ஈரக் கையோடு அலுமினிய ட்ரேயைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டு தோலை இழுக்கும் இல்லையா? பனியாறும் அடியில் கல்லை அப்படித்தான் பிடித்து இழுக்கும், ஆனால் அதற்கு முன்னால் கல் தளர வேண்டும். கோடையில் மேலே உருகும் தண்ணீர் வெடிப்புகள் வழியாக அடிக்கு இறங்குகிறது. பாறை மேட்டின் பின்புறம் ஐஸுக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் அந்தத் தண்ணீர் நிற்கிறது. பகலில் அதன் அழுத்தம் ஏறும், இரவில் இறங்கும். அழுத்தம் இறங்கும்போது அது தாங்கிக்கொண்டிருந்த ஐஸின் பாரம் முழுக்கப் பாறை விளிம்பில் விழும். ஏற்கெனவே பாறையில் இருக்கும் கீறல்கள் நீளும். ஒருநாள் கல் தளர்ந்துவிடும், ஐஸ் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆயிரக்கணக்கான வருஷம் இதே வேலை.

சரி, கல்லைப் பெயர்த்தாயிற்று. பள்ளத்திலிருந்து மேலே எப்படித் தூக்குவது? பலருக்கும் நம்பக் கஷ்டமான இடம் இது. ஐஸ் மேட்டில் ஏறும்.

நடுவே குழி விழுந்துபோன பழைய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டி மாவை ஓர் ஓரத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால், மாவு குழியை நிரப்பி அங்கேயே நின்றுவிடாது, குழியின் மறுபக்க விளிம்பில் ஏறித் தாண்டிப் போகும். ஊற்றும் பக்கம் மாவு மேடாக இருக்கிறது, பின்னாலிருந்து தள்ளுகிறது, அதனால்தான். பனியாறும் அப்படியே. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவுசெய்வது அடித்தரையின் சரிவைவிட அதன் மேற்பரப்பின் சரிவுதான். மேற்பரப்பு கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்வரை அடியில் ஐஸ் எதிர்மேட்டிலும் ஏறிப்போகும், கல்லையும் சுமந்துகொண்டு. உருகும் தண்ணீரும் அந்த அழுத்தத்தில் குழாய்த் தண்ணீர்போல மேலேறி, பாறைப் பொடியை அலசி வெளியே தள்ளும். ஆற்றால் முடியாத வேலை முடிந்துவிட்டது: வாசலைவிடக் கீழே தோண்டுவது.

அப்படியென்றால் பூமியின் மறுபக்கம்வரை தோண்டியிருக்கலாமே என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. எதிர்மேடு அதிகச் செங்குத்தாகிவிட்டால் கதை மாறுகிறது. அதிக அழுத்தத்தில் ஐஸின் உருகுநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். தண்ணீர் வேகமாக மேலேறும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து, உருகுநிலை உயர்ந்து, தண்ணீர் வழியிலேயே உறைந்துவிடும். வழி அடைத்துக்கொள்ளும். அலசிப்போக வேண்டிய மண்ணும் கல்லும் பள்ளத்தின் அடியில் மெத்தைபோலத் தங்கிப் பாறையைக் காப்பாற்றிவிடும். குவாரி தன்னைத்தானே மூடிக்கொள்கிற மாதிரி. பனியாறு தோண்டும் ஆழத்துக்கு இது ஒரு பெரிய கடிவாளம்.

எந்த இடத்தில் ஆழம் அதிகம் விழும் என்பதற்கும் கணக்கு உண்டு. பல பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து பனியாறுகள் வந்து சேரும் இடத்தில் தடிமனும் வேகமும் கூடும், தோண்டலும் கூடும். பாறை நொறுங்கலாக இருந்தால் இன்னும் வசதி. கடைசியில் பனியாறு தன் முனையில் கொட்டிவிட்டுப்போன கல்லும் மண்ணும் கலந்த குவியல், அதாவது மொரைன், பள்ளத்தின் வாயில் மேலும் கொஞ்சம் கரை எழுப்பிவிடும். மெக்டொனால்டு ஏரியின் இரு பக்கமும் நீளமாக, தலை சமமாக ஓடும் இரண்டு மேடுகள் தெரியும். ஹோவ் ரிட்ஜ், ஸ்னைடர் ரிட்ஜ் என்று பெயர். பழைய பனியாற்றின் இரு பக்கமும் ஒதுங்கிய மொரைன் அவற்றின் மேல் படிந்திருக்கிறது. நடுவே இருப்பது தொட்டி. தெற்கு முனையில் ஆப்கர் என்ற சின்ன ஊரில் படித்துறைபோல ஓர் இடம் இருக்கிறது, அங்கே நின்று வடக்கே பார்த்தால் தொட்டியின் வடிவம் பளிச்சென்று புரியும்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். பூங்காவின் பெயர் கிளேசியர் என்றாலும் பெரிய பனியாறு எதுவும் கண்முன்னால் நிற்காது. இன்றைக்கு அங்கே உச்சிகளில் ஒட்டிக்கொண்டிருப்பவை ஏரிகளைத் தோண்டிய பழைய பனியாறுகளின் மிச்சம்கூட இல்லை. அவை சுமார் 7,000 வருஷத்துக்குள் புதிதாக உருவானவை. அவற்றிலும் 2015 கணக்கில் ஓரளவுக்கு மேல் பரப்பு உள்ளவை 26தான் மீதி. "2020க்குள் எல்லாம் போய்விடும்" என்று பூங்காவில் பலகைகள் வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனியாறு கொஞ்சம் மிச்சமிருந்தது, பலகையைத்தான் எடுக்கவேண்டி வந்தது. ஆனால் சுருங்குவது நிஜம்.

ஏரிகளின் நிறத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கிரின்னல் ஏரிபோல மேலே இன்னும் பனியாறு இருக்கும் ஏரிகளில் தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்து, பால் கலந்த மாதிரி இருக்கும். பனியாறு அரைத்த பாறை மாவு அதில் மிதக்கிறது, நாம் காப்பிக்கொட்டை அரைப்பதைவிட எவ்வளவோ நைஸாக. அந்தத் துகள்கள் லேசில் அடியில் படியாது. வெளிச்சத்தின் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிட, நீலத்தையும் பச்சையையும் இந்த மாவு சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. மெக்டொனால்டு ஏரிக்கு மாவு வரத்து குறைவு, தண்ணீர் குளிர்ச்சி, பாசியும் நுண்ணுயிரும் அதிகம் வளராது. ஆகவே கண்ணாடி.

அந்தக் கண்ணாடிக்கு அடியில் சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் என்று கூழாங்கற்கள். நான் ஆப்கரில் கால் நனைத்தபோது அரைமணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன், மகள் பொறுமையிழந்து கார் ஹாரனை அடித்தாள். இணையத்தில் வரும் படங்களில் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறார்கள், ஆனால் நிறம் பொய்யில்லை. ஆர்ஜிலைட் என்ற இறுகிய சேற்றுப்பாறை அது. ஆழமில்லாத தண்ணீரில், காற்றுப்பட்ட இடத்தில் படிந்த சேற்றில் இரும்பு துருப்பிடித்துச் சிவப்பானது, காற்றுப்படாத இடத்தில் பச்சையாகவே நின்றது. வயது நூறு கோடி வருஷத்துக்கு மேல். சில கற்களில் சேறு காய்ந்து வெடித்த கோடுகூட அப்படியே இருக்கும், நம் ஊர்க் கண்மாய் கோடையில் வெடிப்பதுபோல. டெல்லி ரிட்ஜ் பாறையும் நூறு கோடியைத் தாண்டியதுதான், ஜேஎன்யூ பக்கம் தினமும் மிதித்துக்கொண்டு போகிறோம், யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

இந்த வகை ஏரி உலகம் முழுக்க உண்டு. ஜெர்மனியில் பெர்ச்டெஸ்காடன் தேசியப் பூங்காவில் கோனிக்ஸே ஏரி 190 மீட்டர். நியூசிலாந்தின் ஃபியோர்ட்லேண்டு தேசியப் பூங்காவில் மனாபௌரி ஏரி 444 மீட்டர், ஆறு குதுப் மினார் வைத்தாலும் காணாமல் போகும். அதன் மேல்மட்டம் கடலிலிருந்து 178 மீட்டர்தான் உயரம், ஆகவே அடித்தரை கடல் மட்டத்துக்கும் 266 மீட்டர் கீழே! ஆறு தோண்டிய பள்ளம் என்று அதை யாரும் சொல்ல முடியாது. மின் திட்டத்துக்காக அந்த ஏரி மட்டத்தை உயர்த்தப் பார்த்தபோது, 1970இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். மின் நிலையம் வந்தது, ஏரி மட்டம் உயரவில்லை. உங்கள் மகன் ஓரிகன் மாநிலத்தின் க்ரேட்டர் லேக்கையும் திட்டத்தில் சேர்த்தால், 594 மீட்டர் ஆழமுள்ள அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எரிமலை இடிந்து உள்ளே விழுந்த பள்ளம்.

இனி கேதார்நாத். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் ஆழத்தைப் பார்த்துப் பயப்படுவது தவறான இடத்தில் பயப்படுவது. பார்க்க வேண்டியது கரை.

கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி ஆழமானதும் இல்லை, பெரியதும் இல்லை. 1948இல் காந்தியின் அஸ்தியைக் கரைத்ததால் காந்தி சரோவர் என்றும் சொல்வார்கள். அதற்கு அணையாக நின்றது வெறும் மொரைன், கட்டாத கல்லும் மண்ணும். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெய்த பெருமழையும் உருகிய பனியும் சேர்ந்து நிரப்ப, கரை உடைந்தது. சிக்கிமில் 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் ஏரிக்குள் பக்கத்து மொரைன் சரிந்து விழுந்து அலை எழும்பி, கரையை உடைத்து, கீழே சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. நேபாளத்தில் சாகர்மாதா தேசியப் பூங்காவில் இருக்கும் இம்ஜா ஏரி இன்னொரு மாதிரி. 1950களில் அங்கே சில குட்டைகள்தான் இருந்தன. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அவை ஒன்றுசேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, சுமார் 150 மீட்டர் ஆழமாகிவிட்டன. மெக்டொனால்டு ஏரி அளவுக்கு ஆழம், வயது நம் வயதுதான். 2016இல் கரையில் வாய்க்கால் வெட்டி மட்டத்தை மூன்று மீட்டருக்குச் சற்று மேல் இறக்கினார்கள்.

வித்தியாசம் புரிகிறதா? இமயமலையின் இந்த ஏரிகள் மண்மேட்டை நம்பி நிற்கும் புது ஏரிகள், மேலே உருகும் பனியாறு, உள்ளே சரியக் காத்திருக்கும் சரிவு. மெக்டொனால்டு பாறைக்குள் வெட்டிய தொட்டி. அதன் தண்ணீரில் பெரும்பகுதி வாசல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, போவதற்கு வழியே கிடையாது. நீலி ஜீல் உடைத்துக்கொண்டு வரும் என்று யாராவது பயப்படுகிறோமா?

கடைசியாகப் பேரன். ஓரத்தில் முழங்கால் அளவுக்கு விடுங்கள், நீந்த விடுவதென்றால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் வேண்டாம். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும், அதனால் ஆழத்தில் வருஷம் முழுக்க அந்தக் குளிர் தேங்கி நிற்கும். ஜூலை வெயில் சூடாக்குவது மேல்பகுதியை மட்டும்தான், அதுவும் நம் ஊர்க் கணக்கில் சூடு இல்லை. திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெருமூச்சை இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் சில நிமிஷத்தில் கைகால் மரத்துவிடும். அந்தப் பூங்காவில் இதுவரை கரடியைவிடத் தண்ணீர்தான் அதிக உயிர்களை எடுத்திருக்கிறது. கரடிக்கு ஸ்ப்ரே வாங்குகிறவர்கள் ஏரிக்கு ஒன்றும் வாங்குவதில்லை. பாசிபிடித்த வழுக்குப் பாறைமேல் நின்று செல்ஃபி எடுக்கும் மகனையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூழாங்கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கொலுவுக்கு அழகாக இருக்கும்தான், ஆனால் தேசியப் பூங்காவிலிருந்து கல் எடுப்பது அங்கே குற்றம். தண்ணீரில் நனைத்தால்தான் அந்த நிறம், காய்ந்ததும் மங்கிவிடும். அங்கேயே ஒன்றை எடுத்து நனைத்துப் பேரனுக்குக் காட்டிவிட்டுத் திரும்பப் போட்டுவிடுங்கள்.